சட்டைப் பையில் ஒரு பாஸ்போர்ட்

தேர்தல் நாட்களில் நான் வேலை செய்யும் பள்ளிக்கூடம் வாக்குச்சாவடியாகிவிடும். மற்ற நாட்களில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறும் அதே மண்டபத்தில், அன்றைக்கு மட்டும் நான் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயரைச் சரிபார்த்து வாக்குச்சீட்டுக் கொடுப்பேன். உள்ளூர் கவுன்சில் இதற்கு ஆள் எடுக்கிறது என்று கேள்விப்பட்டபோது யாரும் சொல்லாமல் நானாகவே போய்ச் சேர்ந்தேன். யாழ்ப்பாணத்தில் நான் கண்ட வாக்குச்சாவடிகளில் துவக்கோடு ஆட்கள் நிற்பார்கள். இங்கே இங்கிலாந்தில் வாசலில் நாயைக் கட்டிவிட்டு உள்ளே வந்து, ஒரு கட்டைப் பென்சிலால் வாக்குச்சீட்டில் புள்ளடி போட்டுவிட்டு, மழையைத் திட்டிக்கொண்டு போகிறார்கள். அதைக் கிட்ட இருந்து பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை.

முன்பெல்லாம் பெயரும் விலாசமும் சொன்னால் போதும். பிறகு சட்டத்தை மாற்றி, படம் போட்ட அடையாளம் ஏதாவது காட்டவேண்டும் என்று கொண்டுவந்தார்கள். அந்தச் சட்டம் வந்த பிறகு நடந்த முதல் தேர்தலன்று காலையில் என் கணவர் என்னுடைய மேசைக்கே வந்தார். சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தார். அதன்மேல் சாரதி அனுமதிப்பத்திரத்தை வைத்தார். பிறகு கையிலிருந்த பிளாஸ்டிக் பையைத் திறந்து கவுன்சில் வரிக் கடிதம், வங்கிக் கடிதம், கரண்ட் பில் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். பக்கத்து மேசைப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் கீழே குனிந்துவிட்டாள்.

"ஒண்டு காணும், ஒண்டே போதும்" என்றேன் மெதுவாக.

"கிடக்கட்டும். எதுக்கும் எல்லாத்தையும் ஒருக்காப் பாரும்" என்றார்.

சட்டம் சட்டம்தானே. கலியாணம் கட்டி இத்தனை காலத்துக்குப் பிறகு, என் மனிசனின் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து, இவர்தான் அவர் என்று நான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அவரும் சிரிக்காமல், பரீட்சை எழுத வந்த பிள்ளை மாதிரி நேராக நின்றார்.

அன்று மத்தியானம் எங்கள் பக்கத்து வீட்டு ஆங்கிலேய அம்மாள் வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் பகுதியான குட்மேய்ஸில் அதே வீட்டில் பிறந்து அதே வீட்டில் முதுமையடைந்தவர். பெயரைச் சொன்னார், விலாசத்தைச் சொன்னார், அவ்வளவுதான். அடையாளம் என்று கேட்டேன். அவருடைய கோட்டுப் பையில் முதியோர் பஸ் அட்டை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைக் காட்டினால் போதும் என்றேன்.

"நான் யார் என்று உனக்குத் தெரியும். தெரிந்த ஒருத்தியிடம் நான் அட்டை காட்டமாட்டேன்" என்றார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் இங்கேயும் அடையாள அட்டை இருந்ததாம். யுத்தம் முடிந்து சில வருடங்களில் சனம் எதிர்த்து அதை இல்லாமல் செய்துவிட்டதாம். தன் தகப்பன் அந்த அட்டையை அடுப்பில் போட்டதைக் கண்ணால் கண்டதாகச் சொன்னார். பிறகு, "உன்மேல் கோபமில்லை, கண்ணே" என்று என் கையைத் தட்டிவிட்டு, வாக்களிக்காமலே போய்விட்டார். அந்த அம்மாளின் ஒரு புள்ளடியை நான் தடுத்துவிட்டேன் என்று இன்றைக்கும் மனம் உறுத்தும்.

அன்று பின்னேரம் முழுவதும் இவர்கள் இருவரையுமே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் பஸ் அட்டையைக்கூட எடுக்கமாட்டார். மற்றவர் கரண்ட் பில்லையும் சேர்த்துக் கொண்டுவருகிறார்.

என் கணவரிடம் பை இல்லாத சட்டை ஒன்றுகூடக் கிடையாது. டி-ஷர்ட் போடமாட்டார். மூலைக் கடைக்குப் பால் வாங்கப் போனாலும் இடது பக்கப் பையில் பாஸ்போர்ட் இருக்கும். "பால் வாங்கப் போறதுக்கு என்னத்துக்கப்பா பாஸ்போர்ட்? பசு கேக்குமோ?" என்று நான் நக்கலடிப்பேன். கேட்காத மாதிரிச் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவார். வியர்வையில் ஊறி அந்தப் புத்தகத்தின் அட்டை தோல் மாதிரி ஆகிவிட்டது. காலாவதியானால் புதிதாக எடுப்பார். ஆனால் ஒரு பக்கத்தில்கூட முத்திரை விழுந்ததில்லை. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கையில் கிடைத்த நாள் முதல் அந்த மனிசன் இந்த நாட்டை விட்டு ஒரு அடி வெளியே வைத்ததில்லை. பாரிசில் என் தங்கை மகளின் சாமத்தியவீட்டுச் சடங்குக்கு நானும் மகனும் போனோம். டொராண்டோவுக்குப் போனோம். ஊருக்குப் போய் மாமியாரையும் இவருடைய அக்காவான மச்சாளையும் பார்த்து வந்தோம். இவர் எங்களை ஹீத்ரோவில் இறக்கிவிடும்போது காரை விட்டு இறங்கக்கூட மாட்டார்.

அதற்குக் காரணம் அவருடைய தம்பி. நான் கண்டதில்லை. படம் மட்டும் பார்த்திருக்கிறேன், மெல்லிய மீசையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார். ஊரில் அந்த யுத்த நாட்களில் அடையாள அட்டை இல்லாமல் வாசல் படலையைத் தாண்டக்கூடாது. ஒருநாள் காலையில் மாமியார் தம்பியின் சட்டையைத் தோய்க்க எடுத்தபோது பைக்குள் இருந்த அடையாள அட்டை நனைந்துவிடுமே என்று எடுத்து ரேடியோப் பெட்டிமேல் வைத்திருக்கிறார். தம்பி வேறொரு சட்டையைப் போட்டுக்கொண்டு, பேக்கரியில் பாண் வாங்கச் சைக்கிளில் சந்திக்குப் போய்விட்டார். அன்றைக்கென்று சந்தியில் இராணுவச் சுற்றிவளைப்பு. அட்டை காட்டியவர்களில் அநேகம் பேர் பொழுதுபட வீட்டுக்கு வந்துவிட்டார்கள். தம்பி வரவில்லை. அதன் பிறகு மாமியார் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகாம் வாசலிலும் போய் நின்றார். "இதுதான் என்ர பிள்ளையின்ர அட்டை. வீட்டில விட்டிட்டுப் போட்டான். அவனிட்டக் குடுத்திட்டு விடுங்கோ" என்று கேட்டார். யாரும் வாங்கவில்லை.

மூத்தவனையாவது காப்பாற்ற வேண்டும் என்று தாலிக்கொடியை விற்று இவரை அனுப்பியதும் மாமியார்தான். போன மகன் திரும்பவில்லை. மாமியார் செத்தபோதும் போகவில்லை. "என்ர பெயர் அங்க லிஸ்டில கிடக்கும். எயார்போட்டில வைச்சே கொண்டு போயிடுவாங்கள்" என்றார். செத்தவீடு நடந்த அன்று இவர் வேலைக்குப் போனார். திரும்பி வந்து சாப்பிட்டார். கோப்பையைக் கழுவி வைத்தார். பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே இருந்து அழுதது எனக்குக் கேட்டது.

இதையெல்லாம் அறிந்தும் அரசியல் என்று வந்தால் நானும் அவரும் கீரியும் பாம்பும்தான். செய்தி ஓடும்போது எங்கள் வீட்டு வரவேற்பறை பாராளுமன்றத்தைவிட மோசம். இந்த நாட்டில் கொஞ்சக் காலம் பிரதமர்கள் மாறின வேகத்துக்கு எங்கள் பள்ளிக்கூடச் சமையலறையில் ஆட்கள்கூட மாறவில்லை. யார் வந்தாலும் இவர் "பாவம், அவனும் என்ன செய்யிறது" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோயிலில் எங்கள் ஆட்கள் சிலர், கடையும் வீடுமாக நன்றாக வந்துவிட்டவர்கள், அகதிகளாகப் படகில் வருகிறவர்களை நிறுத்தவேண்டும் என்று தேர்தல் நேரம் பேசுவார்கள். ஒருமுறை எனக்குப் பொறுக்கவில்லை. "நாங்கள் என்ன, அரசி கடிதம் போட்டுக் கூப்பிட்டே வந்தனாங்கள்?" என்று பிரசாத வரிசையில் நின்றுகொண்டே கேட்டுவிட்டேன். இவர் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

எனக்குச் சுதந்திரம் என்றால் என்ன என்று புத்தகம் சொல்லித்தரவில்லை. வந்த முதல் குளிர்காலத்தில் இல்ஃபோர்ட் கடைத்தெருவில் எதிரே ஒரு பொலிஸ்காரர் வந்தார். என் கை தானாகக் கைப்பைக்குள் போனது. அவர் "குளிர், இல்லையா?" என்று சொல்லிவிட்டு என்னைக் கடந்து போனார். நான் யார், எங்கே போகிறேன், ஏன் போகிறேன் என்று ஒன்றும் கேட்கவில்லை. அங்கேயே நின்று அழுதேன், ரோட்டில் போன சனம் பார்க்கப் பார்க்க. கேட்காமல் விடுகிறார்களே, அதுதான் எனக்கு இந்த நாடு தந்தது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எடுக்கிறார்கள் என்று தோன்றினால் எனக்குக் கோபம் வரும்.

எல்லாருக்கும் டிஜிட்டல் அடையாள அட்டை கொண்டுவரப் போகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தது. பிறகு கட்டாயமோ இல்லையோ என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கதை. பக்கத்து வீட்டு அம்மாள் எதிர்ப்பு மனுவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் உடனே கையெழுத்துப் போட்டேன். இவர் தேத்தண்ணியும் வடையும் கொண்டுவந்து வைத்து, அம்மாளுடைய முழங்கால் வலியை விசாரித்து, கையெழுத்து மட்டும் போடவில்லை.

"எல்லாரையும்விட நீங்கள்தானே எதிர்க்கவேண்டும்?" என்றார் அம்மாள், உண்மையாகவே புரியாமல்.

"அட்டை இருந்தால் நல்லது" என்றார் இவர் ஆங்கிலத்தில். "அட்டை இருப்பவன் வீட்டுக்கு வருவான்."

அம்மாளுக்கு அது விளங்கவில்லை. நான் விளக்கவும் இல்லை. தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

எங்கள் ஒரே மகன் இங்கே பிறந்தவன். பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிறான். ஆங்கிலத்தில்தான் பேசுவான், அம்மா, அப்பா, மாமி என்கிற முறைச்சொற்கள் மட்டும் தமிழில். வீட்டுத் திறப்பும் போனும் இருந்தால் உலகம் முழுக்கப் போய்வரலாம் என்று நினைக்கிற வயது. "ஐடி எடுத்தனியோ?" என்று இவர் வாசலில் நின்று கேட்காத நாளில்லை. ஒருநாளும் அவன் எடுத்ததில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் தகப்பனும் மகனும் தமிழ்க் கடையில் சாமான் வாங்கிக்கொண்டு குட்மேய்ஸ் ஸ்டேஷன் பக்கமாக நடந்து வந்திருக்கிறார்கள். இரண்டு பொலிஸ்காரர் மறித்தார்கள். பக்கத்தில் ஏதோ களவு நடந்ததாம். இவனைப் போல உயரமான, கறுப்பு ஜாக்கெட் போட்ட பொடியனைத் தேடுகிறார்களாம். பையைப் பார்க்கலாமா என்று மரியாதையாகக் கேட்டார்கள். இவன் காட்டினான். உள்ளே முருங்கைக்காயும் அரிசிமாவும். பிறகு பெயரைக் கேட்டார்கள். இவன், "பெயர் சொல்லவேண்டும் என்று சட்டம் இல்லை. நான் சொல்ல விரும்பவில்லை" என்று அமைதியாகச் சொல்லியிருக்கிறான். உண்மைதான், அப்படித் தேடும்போது பெயர் சொல்லத் தேவையில்லை. பொலிஸ்காரரும் சரி என்று தலையாட்டினார்களாம்.

அதற்குள் இவர் சாமான் பைகளை நிலத்தில் வைத்துவிட்டார். பாஸ்போர்ட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். மகனின் பெயர், பிறந்த திகதி, படிக்கிற இடம், எங்கள் வீட்டு இலக்கம், நான் வேலை செய்கிற பள்ளிக்கூடம் என்று கேட்காததையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்புவித்தார். "நல்ல பிள்ளை, சேர், நல்ல பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார். ஊரில் சுற்றிவளைப்பில் பிடிபட்டவர்கள் சட்டையைக் கழற்றிக்கொண்டுதான் நிற்கவேண்டும். அதை அந்தப் பொலிஸ்காரர் எங்கே கண்டார்? ஒருவர் பதறிப்போய், "ஐயா, வேண்டாம், அதெல்லாம் தேவையில்லை" என்று இவருடைய கையைப் பிடித்தாராம்.

வீட்டுக்குள் வந்ததும் வராததுமாக மகன் பையை மேசையில் அடித்து வைத்தான். முகமெல்லாம் சிவந்திருந்தது. வெட்கமா, கோபமா, இரண்டுமா தெரியவில்லை.

"அவர் என்னை அவர்களிடம் தூக்கிக் கொடுத்தார், அம்மா! நான் ஒன்றும் செய்யவில்லை. நான் சரியாகத்தான் பேசினேன். அவர் என்னைத் தூக்கிக் கொடுத்தார்!"

"உனக்குத் தெரியாது" என்றார் இவர். "வாய் காட்டினவன் ஒருத்தனும் திரும்பி வரேல்லை."

"இது யாழ்ப்பாணம் இல்லை, அப்பா. அங்கே என்றாலும், அட்டை இருந்திருந்தால் சித்தப்பா வந்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? அட்டை வைத்திருந்தவர்களையும்தானே கொண்டு போனார்கள்? பிடிக்க நினைத்தவர்கள் பிடித்தார்கள். அட்டையில் ஒன்றுமில்லை!"

கடவுளே, இவன் இதை ஏன் சொன்னான்? இத்தனை வருடமாக எனக்கும் தெரிந்த கதைதான். நான் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அட்டை இருந்தால் தம்பி வந்திருப்பான் என்ற நம்பிக்கையில்தான் இந்த மனிசன் நடமாடிக்கொண்டிருந்தார். கையில் ஒரு அட்டை இருந்தால் தன் பிள்ளையைத் தன்னால் காப்பாற்ற முடியும். அட்டையில் ஒன்றுமில்லை என்றால் அவரிடம் காப்பாற்ற என்ன இருக்கிறது?

இவர் பின்வளவுத் தோட்டத்துக்குப் போய், கட்டிவைத்திருந்த தக்காளிச் செடிகளை அவிழ்த்து மறுபடி கட்டினார். அதன் பிறகு இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருவர் சமையலறைக்குள் வந்தால் மற்றவர் எழும்பிப் போவார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரி மாதிரி ஓடித் திரிந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் மச்சாள் யாழ்ப்பாணத்திலிருந்து போன் எடுத்தார். இவருடைய அக்கா. கலியாணம் கட்டவில்லை. காணாமல் போனவர்களைத் தேடுகிற தாய்மாரும் அக்காமாரும் ரோட்டோரம் கொட்டகை போட்டு இருக்கிறார்களே, அவர்களில் ஒருவர். வெயிலோ மழையோ, தம்பியின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். யாராவது வந்து பெயர் கேட்டு மிரட்டினால், "எழுதிக்கொண்டு போ, இன்னும் ரெண்டு தரம் சொல்லட்டோ?" என்பாராம். இங்கே சட்டைப் பையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு இருக்கிற தம்பிக்கு இல்லாத துணிச்சல் அந்த மனிசிக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. இப்போது இரண்டு கிட்னியும் பழுதாகி, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைகிறார்.

"தம்பி, இனிக் காணும்" என்றார் ஸ்பீக்கரில். "நான் செத்துப் போட்டன் எண்டால் அவனுக்குச் செய்ய ஒருத்தரும் இல்லை. கீரிமலைக் கடற்கரையில வைச்சு அவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்து முடிப்பம். நீ வா."

உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையால் ஒரு உருவம் செய்து கிரியை செய்வது எங்கள் வழக்கம். கூடப்பிறந்தவன் கையால் செய்யவேண்டும். இத்தனை காலமும் மச்சாள் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. உயிரோடு இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அவரே இப்போது முடிப்போம் என்கிறார் என்றால், தன் நாள் கிட்டிவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

இவர் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எனக்கு ஏலாது அக்கா" என்றார்.

"ஏன் ஏலாது?"

"ஏலாது."

மச்சாள் கோபிக்கவில்லை. "சரி, யோசிச்சுச் சொல்லு. நான் இருக்கிற வரைக்கும் கேப்பன்" என்று வைத்துவிட்டார். எனக்கு இவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. "பெத்த தாய்க்கும் போகேல்லை. இப்ப அக்காவுக்கும் போகமாட்டியள். அப்ப இந்தப் பாஸ்போர்ட் என்னத்துக்கு? எறிஞ்சுபோட்டு இருங்கோவன்!" என்று கத்திவிட்டேன். அவர் கையை நெஞ்சில் வைத்து அந்தப் பையைத் தடவினார். அதைப் பார்த்ததும் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மாடிப்படியில் நின்று மகன் எல்லாம் கேட்டிருக்கிறான். கீழே இறங்கி வந்தான். அத்தனை நாளுக்குப் பிறகு முதல் தடவையாகத் தகப்பனின் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"நான் செய்யலாமா? நான் சித்தப்பாவுக்கு மகன் முறை, பெறாமகன்தானே. நான் போகிறேன். மாமியைத் தனியாக விடமுடியாது." மச்சாளைத்தான் அவன் மாமி என்பான்.

எதிர்த்துப் பேசுகிற பிள்ளை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்தபோது எதிர்ப்பு ஒன்றும் இல்லை. பதிலுக்குக் காத்திராமல் அன்றே விமான டிக்கெட் தேடத் தொடங்கிவிட்டான். விசா அனுமதி, விடுமுறை எல்லாம் பார்த்துவிட்டான். இவர் அவனுடைய முதுகுக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகனும் மெல்லிய மீசை வைத்திருந்தான் அப்போது. காணாமல் போனபோது தம்பிக்கும் அதே வயதுதான். எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

"ரெண்டாய்ப் போடு" என்றார்.

"என்ன?"

"டிக்கெட்டை ரெண்டாய்ப் போடு. ஒருத்தனைத் தனிய விட்டது காணும்."

எனக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு கிடைக்கவில்லை. ஹீத்ரோவில் கொண்டுபோய் விட்டேன். பாதுகாப்புச் சோதனைக்கு உள்ளே போகும் இடம் வரைக்கும் இவருக்குக் கால் வரவில்லை. இரண்டு தரம் கழிவறைக்குப் போய்வந்தார். "நான் வராட்டி..." என்று ஏதோ தொடங்கினார். "விசர்க்கதை கதையாதேங்கோ" என்று அதட்டி அனுப்பினேன். அவர்கள் மறையும்வரை நிமிர்ந்து நின்றுவிட்டு, கார் தரிப்பிடத்துக்கு வந்து காருக்குள் இருந்து குலதெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். இந்த மனிசனை நான் தள்ளி அனுப்பிவிட்டேனே, ஏதும் நடந்தால் என்ன செய்வேன் என்று அடுத்த நாள் முழுவதும் அதே நினைப்புத்தான். பிள்ளைகளின் தட்டில் உருளைக்கிழங்கை வைக்கும்போதும் ஏப்ரன் பையில் போன் அடிக்கிறதா என்றே காது இருந்தது.

போன் வந்தது. இவர்தான்.

"வெளியில வந்திட்டம்" என்றார்.

"என்ன கேட்டவங்கள்? என்ன நடந்தது?"

"ஒண்டும் கேக்கேல்லை." குரல் உயர்ந்தது. பயத்தில் அல்ல, ஆத்திரத்தில். "ஒரு சின்னப் பெடியன். எங்க தங்கப் போறியள் எண்டு கேட்டான். யாழ்ப்பாணம் எண்டன். முத்திரையைக் குத்தித் தந்திட்டான். என்ர முகத்தைக்கூட வடிவாப் பாக்கேல்லையப்பா! இதுக்கே நான் அம்மான்ர முகம் பாக்காமல் விட்டனான்? சொல்லும், இதுக்கே?"

அவர் பயந்தது வீண் என்று சொல்லவும் முடியாது, சரி என்று சொல்லவும் முடியாது. மாமியார் செத்த வருடம் போயிருந்தால் அதே இடத்தில் வேறொருவர் இருந்திருப்பார். முகத்தை வடிவாகவே பார்த்திருக்கலாம். பார்க்காமலும் விட்டிருக்கலாம். அதைத் தெரிந்து சொல்ல இந்த அரசாங்கத்தாலும் ஏலாது, அந்த அரசாங்கத்தாலும் ஏலாது. "தண்ணி குடியுங்கோ. பிள்ளையைப் பாத்துக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றேன்.

நான்காம் நாள் காலை, நான் வேலைக்குப் போகிற பஸ்ஸில் மேல்தட்டில் இருந்தபோது மகன் கீரிமலையிலிருந்து கூப்பிட்டான். பின்னால் கடல் இரைந்தது. கிரியை முடிந்துவிட்டதாம். ஐயர் நன்றாகப் பொறுமையாகச் செய்தாராம். அப்பா மந்திரத்தைச் சொல்லமுடியாமல் இரண்டு இடத்தில் நின்றுவிட்டாராம்.

"அம்மா, ஒன்று கேட்கவேண்டும்" என்றான் ஆங்கிலத்தில். "தொடங்கும்போது ஐயர், எத்தனை பேருக்கு என்று கேட்டார். இங்கே சில வீட்டில் இரண்டு மூன்று பேருக்குச் சேர்த்துச் செய்வார்களாம். அப்போது மாமி ஒன்று சொன்னார்." அந்த இடத்தை மட்டும் அவன் தமிழில், மாமி சொன்ன மாதிரியே சொன்னான். "'ரெண்டு தம்பிமாரும் காணாமல் போட்டாங்கள் எண்டுதான் ஐயா, கேட்ட ஆக்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தனான். இப்ப ஒராளுக்குக் காணும். மற்றவன் வந்திட்டான்.' அப்பாவுக்கு ஒரு தம்பிதானே, அம்மா? மற்றது யார்?"

நான் பஸ் ஜன்னலைப் பார்த்தேன். மச்சாளுக்கு இவரும் ஒரு தம்பிதானே. "அப்பா எங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"இன்னும் கடலுக்குள்தான் நிற்கிறார். பிண்டம் கரைத்து முடிந்துவிட்டது. மாமியும் சேலையோடு இறங்கிவிட்டார். டொக்டர் கூடாது என்றவர், நான் சொல்லியும் கேட்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஐயர் ஏறி வரச் சொல்லிக் கூப்பிடுகிறார். மாமி கையை விடுகிறார் இல்லை, அம்மா."